அப்பப்பாவின் சவரக்கத்தி முடியை வெட்டாமல் இழுக்கிறது. எங்கே பிழை விடுகிறேன்?

உப்புவெளிக்காரன்:
வணக்கம். போன மாதம் அலுமாரியைத் துப்புரவு செய்யும்போது அப்பப்பாவின் மடக்குச் சவரக்கத்தி கிடைத்தது. அலகில் சோலிங்கன் என்று, கத்திக்குப் பேர்போன ஜெர்மன் ஊரின் பெயர் பொறித்திருக்கிறது. முதுகுப் பக்கம் கொஞ்சம் கறள், வாய்ப் பக்கம், அதாவது வெட்டுகிற ஓரம், சுத்தம். காகிதத்தை நன்றாக வெட்டுகிறது. முகத்தில் வைத்தால் மட்டும் முடியைப் பிடித்து இழுக்கிறது. மூன்று தடவை முயன்றேன். கழுத்தில் இரண்டு வெட்டு. வலது கன்னம் இரவு முழுவதும் எரிந்தது.

பழைய இடுப்புப்பட்டியை யன்னல் கம்பியில் கட்டி, கத்தியின் வாயை முன்னுக்கு வைத்து வேகமாகத் தீட்டினேன். கிணற்றுத் தண்ணீரும் குளிக்கிற சவர்க்காரமும்தான் பாவித்தேன். அப்பப்பா விறாந்தை வாங்கில் இருந்து, கடைசிக் காலம் வரை இந்தக் கத்தியால்தான் முகம் வழித்தார். அதனால் இதைக் கைவிட மனமில்லை.

நிலாவெளி அண்ணா:
தம்பி, வாயை முன்னுக்கு வைத்துத் தீட்டியதுதான் பெரிய பிழை. கல்லில்தான் வாய் முன்னே போக வேண்டும். தீட்டுகிற தோல் வாரில் முதுகு முன்னே, வாய் பின்னே. மாறிப் போனால் வாய் தோலைக் கடித்து மடங்கிவிடும், வாரும் கிழியும். முனைக்கு வந்ததும் கத்தியைத் தூக்காமல் முதுகின் மேலேயே புரட்டித் திரும்புங்கள். வாரை இழுத்துப் பிடியுங்கள். தொய்ந்தால் வாய் உருண்டு போகும். அழுத்தம் வேண்டாம், கத்தியின் பாரமே போதும். ஆறுதலாக ஐம்பது தடவை. இந்தக் காலத்துப் பட்டிகளில் பல பிளாஸ்டிக் பூசியவை, அவை இதற்கு உதவாது.

ஆனால் ஒன்று: வார் கூராக்காது, இருக்கிற கூரை நேராக்கும். வருடக்கணக்கில் சும்மா கிடந்த கத்திக்குக் கல் வேண்டும். காகிதம் வெட்டுவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கை முடியின் மேல், தோலில் படாமல், கத்தியைக் கொண்டுபோய்ப் பாருங்கள். முடி தானாக அறுந்து விழ வேண்டும்.

சலூன்காரர் மகன்:
அப்பா திருகோணமலை டவுனில் சலூன் வைத்திருந்தவர், தீட்டுவதை அவரிடம்தான் பழகினேன். தயவுசெய்து சைக்கிளில் வருகிற சாணைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். அந்தச் சக்கரம் உரசி எழும் சூட்டில் உருக்கின் பதம் போய்விடும். அலகின் நடுக்குழிவும் தேய்ந்துவிடும். அதன் பிறகு அந்தக் கத்தியை யாராலும் மீட்க முடியாது.

கத்தியின் வாயோரம் எங்கும் உடைந்து பல்லுப் பல்லாகவில்லை என்றால் 1000 இலக்கக் கல்லில் தொடங்குங்கள், பிறகு 4000, 8000, முடிந்தால் 12000; இலக்கம் கூடக் கூடக் கல் மென்மையானது. முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லில் படிந்திருக்க வேண்டும். கத்தியின் கோணம் முதுகிலேயே இருக்கிறது, நீங்கள் கணக்குப் போடத் தேவையில்லை. வாயோரத்தில் மார்க்கர் மையைப் பூசித் தேய்த்துப் பாருங்கள். மை போகாத இடத்தில் கல் படவில்லை. 1000இல் அந்த மை முனையிலிருந்து அடிவரை போகும் வரை அடுத்த கல்லுக்குப் போகாதீர்கள். அவசரப்படுகிறவர்கள் எல்லோரும் பிழை விடுகிற இடம் இதுதான்.

பிடியையும் பாருங்கள். பழைய செலுலாயிட் பிடி உக்கினால் அமிலப் புகை விடும், கறளுக்கு அதுவும் காரணமாகலாம். முதலில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் எல்லாவற்றையும் துடையுங்கள். கொதிநீரில் போட வேண்டாம்.

புதுசா பழகிறவன்:
அரை பிளேட் போடுகிற சலூன் கத்தியில் பழகிவிட்டு வந்தால் இலகு இல்லையா? வாரும் வேண்டாம், கல்லும் வேண்டாம்.

சலூன்காரர் மகன்:
செலவு குறைவு, அது உண்மை. ஆனால் அந்தப் பிளேட் பொல்லாதது. பாரமில்லாத கத்தி, கை கொஞ்சம் பிசகினாலும் வெட்டும். நல்ல கூரோடு இருக்கிற பழைய கத்தி அதைவிடப் பொறுமையானது. வாரும் கல்லும் பிடிக்க விருப்பமில்லாதவர்களுக்குத்தான் அரை பிளேட்.

நிலாவெளி அண்ணா:
தம்பி, தண்ணீரையும் மாற்றுங்கள். கடலோரக் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, திரிந்துபோகும். கந்தளாயிலிருந்து வருகிற குழாய்த் தண்ணீர் பரவாயில்லை. சுடுதண்ணீரில் நனைத்த துவாயை இரண்டு நிமிடம் முகத்தில் வைத்து, சவரச் சவர்க்காரத்தைத் தூரிகையால் தடித்த நுரையாக்கிப் பூசுங்கள். கத்தி தோலோடு 30 பாகை அளவுதான் சாய வேண்டும். படுத்தால் இழுக்கும், நிமிர்ந்தால் வெட்டும். மற்றக் கையால் தோலை இழுத்துப் பிடித்து, முடி வளரும் பக்கமாகவே வழியுங்கள். முதல் இரண்டு கிழமை கன்னம் மட்டும். கழுத்தையும் நாடியையும் வழமையான ரேஸருக்கு விடுங்கள்.

முடிந்ததும் துடைத்து, காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி பூசுங்கள். குளியலறையில் வைக்காதீர்கள். நம் ஊர்க் கடற்காற்றுக்கு ஒரு மழைக்காலம் போதும், வாயோரம் அரித்துவிடும்.

உப்புவெளிக்காரன்:
மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். மார்க்கர் பூசியதில்தான் விசயம் விளங்கியது: முனையிலிருந்து ஒரு விரல் அகலம் கல் படவே இல்லை. இரண்டு பின்னேரம் 1000 கல்லிலேயே இருந்தேன். பிறகு 8000 வரை கொண்டுபோய், தோல் வார் ஒன்று வாங்கி, முதுகு முன்னே போகிறபடி தீட்டினேன். இன்று காலை இரண்டு கன்னமும் வழித்தேன். இழுக்கவில்லை, படிகாரம் தேய்த்தபோதும் எரியவில்லை. இனிக் கழுத்துக்குப் போகலாமா? என் கழுத்தில் முடி பக்கவாட்டில் வளர்கிறது.

சலூன்காரர் மகன்:
போகலாம். முதலில் இரண்டு நாள் வளர்ந்த தாடியை விரலால் தடவி, எந்தப் பக்கம் வழுக்குகிறது என்று பாருங்கள். அந்தப் பக்கமாகவே சிறு சிறு இழுப்பாக வழியுங்கள். தலையை அண்ணாந்து, தோலைக் காறை எலும்பு நோக்கிக் கீழே இழுத்துப் பிடியுங்கள். தொண்டைமுடிச்சு மேல் கத்தியை வைக்காதீர்கள், அந்தத் தோலைப் பக்கத்துக்கு நகர்த்திவிட்டு வழியுங்கள்.