புது காரில் பெயின்ட் குறைகள்: பாலிஷ் போதுமா, மறுபடி அடிக்கச் சொல்வதா?

கருநீலன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கருநீல மெட்டாலிக் நிறத்தில் புது கார் ஒன்றை அண்மையில் டெலிவரி எடுத்திருக்கிறேன். ஷோரூம் விளக்குகளின் கீழ் குறை எதுவும் தெரியவில்லை. காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் சுற்றி வந்து பார்த்தபோது, பானெட்டின் மேல் கிளியர் கோட்டுக்குள் (நிறத்தின் மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு) தூசு சிக்கியது போன்ற சின்னஞ்சிறு மேடுகள் சில தெரிந்தன. இடது பின் டோரின் அடிப்பகுதியில் பெயின்ட் வழிந்து அப்படியே உறைந்துபோன ஒரு கோடு விரலுக்குத் தட்டுப்படுகிறது. இவை தவிர, சூரியன் பிரதிபலிக்கும் இடத்தைச் சுற்றி வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் வண்டி முழுவதும் உள்ளன. முன் பம்பரின் நிறமும் அதை ஒட்டி, சக்கரத்துக்கு மேலுள்ள ஃபெண்டர் தகட்டைவிடச் சற்று வெளிறித் தெரிகிறது.

டீலரிடம் காட்டியபோது, வண்டியை விட்டுச் சென்றால் பானெட்டையும் டோரையும் தேய்த்துப் புதிதாக பெயின்ட் அடித்துத் தருவதாக உடனே ஒப்புக்கொண்டார்கள். அவ்வளவு எளிதில் ஒப்புக்கொண்டதே எனக்குத் தயக்கத்தைத் தருகிறது. இதை ஏற்கலாமா? பெயின்டைப் பாதுகாக்கும் செராமிக் கோட்டிங் போடவும் எண்ணியிருக்கிறேன். அதை முதலில் போட்டுவிட்டால் இந்தக் குறைகள் மறையுமா?

பட்டறைவாசி

டிங்கரிங், பெயின்டிங் வேலையில் நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பானெட்டுக்குப் புது பெயின்ட் அடிக்க இப்போதைக்குச் சம்மதிக்க வேண்டாம். குறை எந்த அடுக்கில் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் எதைச் செய்யலாம் என்று முடிவெடுக்க முடியும்.

தொழிற்சாலையில் தகட்டின் மேல் முதலில் மின்முறையில் படியவைக்கப்படும் துருத்தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலாகக் கிளியர் கோட் என்று அடுக்குகள் அமைகின்றன. மொத்தமும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஏறக்குறைய ஒன்றரை அல்லது இரண்டு தலைமுடியின் தடிமன். அதில் கிளியர் கோட்டின் பங்கு 40 முதல் 50 மைக்ரான். வெயிலின் புறஊதாக் கதிர்களைத் தாங்குவது இந்த மேலடுக்கே என்பதால், இதைத் தேய்த்து எடுப்பதில் சிக்கனம் வேண்டும்.

பானெட்டில் உள்ள தூசு மேடுகள் கிளியர் கோட்டிலேயே இருக்குமானால், கைதேர்ந்த ஒருவர் 2000 அல்லது 3000 எண் வாட்டர் பேப்பரைச் சிறு கட்டையில் சுற்றி, அந்த மேட்டை மட்டும் சமப்படுத்தி, கம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசையைப் போட்டுப் பளபளப்பை மீட்டுவிடலாம். இதற்குச் சில மைக்ரான்களே செலவாகும். தூசு பேஸ் கோட்டுக்குள் இருந்தாலோ, மேடாக இல்லாமல் குழியாக இருந்தாலோ, பாலிஷால் பயனில்லை. அடிக்கும்போது தகட்டில் சிலிகான் அல்லது எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், பெயின்ட் விலகி மீன்கண் போன்ற வட்டக் குழிகள் விழும். அவற்றுக்கு மறுபூச்சுதான் வழி.

மறுபூச்சைக் கடைசி வழியாக நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொழிற்சாலையில் வெறும் உடற்கூடு மட்டுமே அடுப்புக்குள் போவதால் கிளியர் கோட்டை 140 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கி இறுக்க முடிகிறது. முழுதாகக் கோத்த வண்டியில் பிளாஸ்டிக், வயர், எலக்ட்ரானிக் பாகங்கள் எல்லாம் இருப்பதால், பட்டறையின் பூத்தில் (பெயின்ட் அடிக்கும் மூடிய அறை) 60 டிகிரியை ஒட்டித்தான் சூடேற்ற முடியும். ஹார்டனர் கலந்த பெயின்ட் தன் வேதிவினையால்தான் இறுகுகிறது. நல்ல பட்டறை அடித்த பெயின்டும் பல ஆண்டுகள் உழைக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அரைக் கடுகு அளவுள்ள இரண்டு மேடுகளுக்காக ஒரு முழு பானெட்டின் ஒரிஜினல் பெயின்டைத் தியாகம் செய்வது நட்டக் கணக்கு.

டோரில் உள்ள வழிசல் வேறு விஷயம். அதைச் சீவிச் சமப்படுத்த முடியும் என்றாலும், அது ஏன் அந்த ஓரிடத்தில் மட்டும் வழிந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். தடிமன் அளக்கும் மீட்டர் ஒன்றைப் பெற்று எல்லாப் பேனல்களையும் அளந்து பாருங்கள். மீட்டருடன் வரும் தகட்டையும் மென்படலத்தையும் வைத்து முதலில் அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண மீட்டர் வேலை செய்யாது. பானெட் அலுமினியமாக இருந்தால், அலுமினியத்தையும் அளக்கும் வகை மீட்டர் தேவை.

மெழுகுத்துணி

வட்டக் கீறல்கள் பற்றி மட்டும் எழுதுகிறேன். அவை தொழிற்சாலைக் குறை அல்ல. டெலிவரிக்கு முன் அழுக்குத் துணியால் துடைத்ததாலோ, ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி பாலிஷ் மெஷினை அவசரமாக ஓட்டியதாலோ வந்தவை. சுழன்றுகொண்டே அசையும் டியூவல் ஆக்‌ஷன் மெஷினும் மெல்லிய பாலிஷும் இருந்தால் நீங்கிவிடும். ஆனால் இந்த வேலையைத் திரும்ப அதே கைகளிடம் கொடுப்பதற்கு முன் யோசியுங்கள். கீறலை எடுக்காமல் எண்ணெய்ப் பசையுள்ள கிளேஸ் தடவி நிரப்பிக் காட்டுவதும் உண்டு. நான்கு வாஷில் எல்லாம் திரும்பத் தெரியும். வேலை முடிந்ததும் தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஓரிடத்தைத் துடைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

கோட்டிங் எந்தக் குறையையும் மறைக்காது. அது கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் மெல்லிய படலம். கீழே உள்ளதை அப்படியே காட்டும். அதைப் போட்ட பிறகு புகார் சொன்னால், கோட்டிங் போட்டவர் செய்த கீறல் இது என்று டீலர் கைகழுவ வழி கிடைக்கும். எனவே தகராறு தீரும் வரை கோட்டிங் வேண்டாம். எந்தப் பேனலுக்காவது மறுபூச்சு நடந்தால், கரைப்பான் முழுவதும் வெளியேற அதன் பிறகும் சில வாரங்கள் பொறுக்க வேண்டும்.

இன்னொன்று. மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டு, கழுவிய பானெட்டின் மேல் லேசாகத் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால், நீங்கள் தூசு என்று எண்ணுவதில் ஒரு பகுதி, ரயிலிலோ துறைமுகத்திலோ வண்டி நின்றபோது படிந்த இரும்புத் துகளாகவும் இருக்கலாம். இரும்பு நீக்கும் திரவம் தெளித்தால் அந்த இடம் ஊதா நிறமாக மாறும். அதற்குத் துகளை ஒட்டி எடுக்கும் களிமண் பாரே போதும், வாட்டர் பேப்பர் தேவையில்லை.

கருநீலன்

இருவருக்கும் நன்றி. கவர் வழியாகத் தடவியபோது பானெட்டில் பல இடங்கள் சொரசொரத்தன. திரவம் தெளித்ததில் பாதிக்கு மேல் போய்விட்டது, இரண்டு மூன்று மேடுகளே எஞ்சியுள்ளன. மீட்டரில் பானெட், கூரை, மற்ற மூன்று டோர்கள் எல்லாம் 110க்கும் 130 மைக்ரானுக்கும் இடையில் காட்டுகின்றன. வழிசல் உள்ள டோர் மட்டும் மேற்பகுதியில் 190, அடிப்பகுதியில் 240 வரை போகிறது. என்ன பொருள்?

பட்டறைவாசி

அந்த டோருக்கு இரண்டாவது முறை பெயின்ட் அடிக்கப்பட்டிருக்கிறது. பள்ளத்தை நிரப்பும் பட்டி வைத்திருந்தால் அளவு எளிதில் 500ஐத் தாண்டும். ஆகவே பெரிய டெண்ட் எதுவும் நிமிர்த்தப்படவில்லை என்று கொள்ளலாம். எங்கே அடிக்கப்பட்டது என்பதே கேள்வி. தொழிற்சாலையின் பரிசோதனையில் குறை கண்டு அங்கேயே மறுபூச்சு கொடுப்பது வழக்கமான நடைமுறைதான். லாரியில் ஏற்றி இறக்கும்போது உரசி, பிறகு வெளியே அடித்திருந்தால் அதற்குத் தடயம் இருக்கும். டோரைத் திறந்து, கண்ணாடி ரப்பர் பீடிங்கை விரலால் மெல்ல விலக்கி, அதன் அடியில் டேப் ஒட்டிய கோடாகக் கிளியர் கோட் நின்றுபோயிருக்கிறதா என்று பாருங்கள். கீல் போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் உடைந்து ஸ்பானர் தடம் தெரிகிறதா, கைப்பிடியின் விளிம்பிலோ உட்புறப் பிளாஸ்டிக்கிலோ பெயின்ட் துகள் தெறித்திருக்கிறதா என்பதையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

பம்பர் நிறத்தைப் பொறுத்தவரை அவ்வளவு கவலை வேண்டாம். பிளாஸ்டிக் பாகங்களைத் தனியே, குறைந்த சூட்டில் பெயின்ட் செய்வதால், மெட்டாலிக் நிறத்தில் அலுமினியத் துகள்கள் படுத்திருக்கும் கோணம் சிறிது மாறும். நேராகவும் சாய்வாகவும் பாருங்கள். ஒரு கோணத்தில் மட்டும் வெளிறினால் எந்தக் கம்பெனியும் அதைக் குறையாக ஏற்காது. எல்லாக் கோணத்திலும் வெளிறினால் கேளுங்கள்.

கோப்புக்காரர்

வாய்ப்பேச்சில் எதையும் முடித்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு குறையையும், அதன் அருகில் மீட்டர் அளவு தெரியும்படி படம் எடுத்து, டெலிவரி தேதியையும் கிலோமீட்டர் அளவையும் குறிப்பிட்டு, டீலருக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் ஒரே கடிதமாக அனுப்புங்கள். டெலிவரிக்கு முன் அந்த டோரில் என்ன வேலை நடந்தது என்ற பதிவைக் கேளுங்கள். நாள் தள்ளினால் வெளியில் ஏற்பட்ட சேதம் என்ற பதில்தான் வரும். பெயின்ட் வாரண்டியும், தகடு உள்ளிருந்து துருப்பிடித்து ஓட்டை விழுவதற்கான வாரண்டியும் பெரும்பாலும் தனித்தனி. கல் தெறிப்பு, பறவை எச்சம் போன்றவற்றை இரண்டுமே பொதுவாக ஏற்பதில்லை.

டோருக்கு மறுபூச்சு என்று முடிவானால், எந்தப் பட்டறையில் நடக்கும், நிற வேறுபாடு தெரியாதபடி பக்கத்துப் பேனலிலும் நிறத்தைக் கலந்து இழைப்பார்களா, அந்த வேலைக்கு எவ்வளவு காலம் உத்தரவாதம், துரு வாரண்டி தொடருமா என்ற நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகே சாவியைக் கொடுங்கள். தொகையாக ஈடு தருகிறோம் என்றால் அதையும் பரிசீலிக்கலாம். வழிசலைச் சீவிச் சமப்படுத்தி, மீதியை அப்படியே விட்டுவிடுவது அந்த டோருக்குப் பாதகமில்லை.

கருநீலன்

ரப்பரை விலக்கிப் பார்த்தேன். டேப் கோடு தெளிவாகத் தெரிகிறது. கீல் போல்ட்டுகள் மட்டும் கை படாமல் உள்ளன. படங்களுடன் கடிதத்தை இன்று அனுப்பிவிட்டேன். பானெட்டில் எஞ்சிய மேடுகளுக்குச் சமப்படுத்திப் பாலிஷ் போடுவது மட்டுமே போதும், பெயின்ட் அடிக்க அனுமதி இல்லை என்றும் அதில் எழுதியிருக்கிறேன்.