கல்லில் இருக்கும் இலை உரிந்து வருகிறது, எதை வைத்து ஒட்டுவது? (அவசரம்)

பாலக்கோட்டான் – இரவு 9:40
வீட்டில் இலை பதிந்த கல் ஒன்று இருக்கிறது. மகள் நாளை மறுநாள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு எடுத்துப் போகிறாள். தூசியாக இருக்கிறதே என்று நேற்று பிரஷ் போட்டுக் கழுவினோம். இன்று காலையிலிருந்து ஏடு ஏடாக உரிகிறது. ஃபெவிக்கால் போடலாமா, ஃபெவிக்விக் போடலாமா? என்ன மரத்து இலை என்றும் சொன்னால் அட்டையில் எழுதிவிடுவோம். ஊர் பாலக்கோடு.

இலைப்பச்சை – 9:52
படம் எங்கே சார்? கல் என்ன நிறம், இலை எவ்வளவு பெரியது?

ஓசூர்வாசி – 9:58
எங்கே எடுத்த கல்? கிணறு வெட்டியபோதா, குவாரியிலா?

கருங்கல் – 10:05
அடிப்படையிலிருந்து ஆரம்பிக்கிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருப்பதெல்லாம் நைஸ், சார்னோக்கைட், கிரானைட் என்கிற கடினப் பாறைகள். பெரும்பாலும் சுமார் 250 கோடி ஆண்டுப் பழைய பாறை. அப்போது பூமியில் மரமே கிடையாது, இலை எங்கிருந்து வரும்? நீங்கள் பார்ப்பது டென்ட்ரைட். விரிசலில் இறங்கிய தண்ணீர் விட்டுப்போன மாங்கனீசுக் கறை, செடி மாதிரி கிளை விடும். இதை இங்கே பலமுறை எழுதிவிட்டேன். தேடிப் படிக்கத்தான் ஆளில்லை.

வராகநதி – 10:11
அப்படி ஒரேயடியாகச் சொல்ல வேண்டாம். எங்கள் விழுப்புரம் பக்கத்துத் திருவக்கரையில் கல்லாய்ப் போன மரங்கள் காடு மாதிரி கிடக்கின்றன. ஏதோ ஒரு காலத்து வெள்ளத்தில் அங்கிருந்து வந்திருக்கலாம்.

ஓசூர்வாசி – 10:14
அண்ணா, தென்பெண்ணை எங்கள் பக்கத்திலிருந்து விழுப்புரம் பக்கம் போகிற ஆறு. கல் என்ன எதிர்நீச்சலா போட்டது?

வராகநதி – 10:16
ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

இலைப்பச்சை – 10:20
கருங்கல் சார், நைஸ் பாறையைக் கழுவினால் ஒரே ராத்திரியில் அப்பளம் மாதிரி உரியுமா? டென்ட்ரைட்டும் வெறும் கறைதான், அதில் நடு நரம்பு இருக்காது. பாலக்கோட்டான் சார், நடுவில் தடித்த நரம்பு தெரிகிறதா? பக்க நரம்புகள் வலை மாதிரி பின்னியிருக்கிறதா? வெள்ளையாகப் பொடி ஏதாவது பூத்திருக்கிறதா?

பாலக்கோட்டான் – 10:47
படம் போட்டிருக்கிறேன். சாம்பல் நிறக் கல், இலை கறுப்பு, சாண் நீளம், மாட்டு நாக்கு மாதிரி. நடு நரம்பு இருக்கிறது. லென்ஸ் வைத்தால் வலை மாதிரிதான் தெரிகிறது. பொடி இல்லை. கல் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அவர் தன்பாத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அதெல்லாம் தேவையா?

ஓசூர்வாசி – 10:49
தேவையாவா! ஒரு மணி நேரமாக ஆற்றைத் திருப்பி விட்டுக்கொண்டிருக்கிறோம்.

இலைப்பச்சை – 11:03
அப்படியானால் குளோசோப்டெரிஸ். தாத்தா இருந்த தன்பாத் பக்கத்து ஜாரியா, ராணிகஞ்ச் நிலக்கரியே பெரும்பாலும் அந்த மரக்காடுகள் புதைந்து ஆனதுதான். 1828இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் பிரோங்னியார் பெயர் வைத்தார். கிரேக்கத்தில் நாக்குப் பெரணி என்று அர்த்தம். பெரணி என்று நினைத்து வைத்த பெயர், ஆனால் இது விதை விட்ட மரம். சுமார் 30 கோடியிலிருந்து 25 கோடி ஆண்டு முன்வரை தென்கண்டங்களில் இதுதான் ராஜா, அப்புறம் அடியோடு போய்விட்டது. குளிர்காலத்துக்கு முன் இலை உதிர்க்கும் மரம் என்பதால் சில இடங்களில் ஏட்டுக்கு ஏடு இலையாகவே கிடைக்கும்.

அட்டையில் இதையும் எழுதச் சொல்லுங்கள்: தென்துருவம் போய்த் திரும்பும்போது 1912இல் இறந்த ஸ்காட் குழுவினர், பசியிலும் சுமார் 16 கிலோ கல்லை விடாமல் இழுத்து வந்தார்கள். அதிலும் இந்த இலை இருந்தது. இந்தியா, அண்டார்டிகா, ஆப்பிரிக்கா எல்லாம் ஒட்டியிருந்தன என்பதற்கு இது பெரிய சாட்சி.

தென்குமரி – 11:10
அதைத்தான் நாங்கள் குமரிக்கண்டம் என்கிறோம்.

கருங்கல் – 11:13
இல்லை. இது கோண்டுவானா. கோண்டு மக்கள் வாழும் நிலத்தின் பெயரிலிருந்து வந்தது. உங்கள் ஆட்கள் பிடித்துக்கொண்ட லெமூரியா, 1864இல் விலங்கியலாளர் ஸ்கிளேட்டர், லெமூர் என்கிற பிராணி பரவியதை விளக்கச் சொன்ன மூழ்கிய கண்ட யோசனை. கண்டம் மூழ்கவில்லை, நகர்ந்தது.

தென்குமரி – 11:15
கடல்கோள் பற்றி நம் பழைய உரைகளில் இருப்பது பொய்யா?

கருங்கல் – 11:18
கடல் ஊரைக் கொண்டுபோனது வேறு, கண்டத்தைக் கொண்டுபோனது வேறு. இந்த இலை இருந்தபோது மனிதனே இல்லை, தமிழ் எங்கே?

ஓசூர்வாசி – 11:20
கல் இன்னும் உரிந்துகொண்டுதான் இருக்கிறது, ஐயாமார்களே.

தூரிகை – 11:34
நான் இந்த மாதிரி வேலை பழகியவள். இது சேறு இறுகி ஆன ஷேல். களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், அதனால்தான் ஏடு விடுகிறது. இனித் தண்ணீரே காட்டாதீர்கள். வெயில், ஹேர் டிரையர் எதுவும் வேண்டாம், நிழலில் மெதுவாகக் காயட்டும். ஃபெவிக்கால் தண்ணீர்ப் பசை, மறுபடி ஈரமாகும். ஃபெவிக்விக் இலையின் மேல் வழிந்தால் பளபளவென்று நின்றுவிடும், எடுக்க முடியாது. அருங்காட்சியகங்களில் பாரலாய்ட் பி-72 என்ற பிசினை அசிட்டோனில் நீர்க்கக் கரைத்துத் தொடுவார்கள். அதற்கு இப்போது நேரமில்லை. தட்டில் ஆற்று மணலைப் பரப்பி, மேலே துணி போட்டு, கல்லைப் படுக்க வையுங்கள். உரிந்த ஏடுகளைத் தூக்கிப் போடாமல் உறையில் போட்டு வையுங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுத்துவிடுங்கள், நரம்பு நன்றாகத் தெரியும்.

கருங்கல் – 11:41
நான் டென்ட்ரைட் என்றது உள்ளூர்க் கல்லை வைத்து. அது இப்போதும் சரிதான்.

பாலக்கோட்டான் – மூன்றாம் நாள், மாலை 6:15
நன்றி. ஒட்டவில்லை, மணல் தட்டில்தான் போனது. பஸ் குலுங்கியதில் இன்னும் ஒரு ஏடு போய்விட்டது. அடியில் வேறொரு இலை.

தூரிகை – 6:17
படம் போடுங்கள்! மேல் ஏடு பத்திரமா?

இலைப்பச்சை – மறுநாள், காலை 8:02
சார்?