அலோகிராஃப்ட் எலும்புக்கு எச்எல்ஏ பொருத்தம் ஏன் பார்ப்பதில்லை? (ஆர்எச் நெகட்டிவ் பெண், இடுப்பு மறுஅறுவை)

ஆர்த்தோ_முதுநிலை:
வணக்கம். 32 வயதுப் பெண், தளர்ந்துபோன இடுப்பு மூட்டு மாற்று. இடுப்பெலும்புக் கிண்ணத்தின் உள்ளே நன்றாகக் குழிந்துவிட்டது, விளிம்பு மட்டும் முழுதாக இருக்கிறது. எலும்பு வங்கியில் உறைநிலையில் வைத்துள்ள, பிறர் கொடுத்த (அலோகிராஃப்ட்) தொடையெலும்புத் தலைகளைத் துண்டாக்கி இறுக்கி நிரப்பி, மேலே சிமென்ட் கப் வைப்பதாகத் திட்டம். நோயாளி ஏ நெகட்டிவ். வங்கியில் இருப்பவை எல்லாம் பாசிட்டிவ். சிறுநீரகத்துக்கு எச்எல்ஏ (திசு வகை), கிராஸ்மேட்ச் (இருவர் ரத்தமும் ஒத்துப்போகிறதா என்ற சோதனை) என்று அத்தனையும் பார்க்கிறோம், எலும்புக்கு ஒன்றும் பார்ப்பதில்லை. ஏன்? ரத்த வகையையாவது பார்க்க வேண்டுமா? உடல் ஏற்றுக்கொண்டது என்பதை எக்ஸ்ரேயில் எப்போது, எப்படித் தெரிந்துகொள்வது?

திசுவங்கி_மேசை:
சிறுநீரகம் உயிரோடு வேலை செய்தாக வேண்டும். எலும்பு அலோகிராஃப்ட், புது எலும்பு ஏறி வளர உதவும் உயிரற்ற சாரம்தான். அதன் தாது உப்பும் கொலாஜனும் எதிர்ப்பை மிகக் குறைவாகவே தூண்டுகின்றன. வம்பு செய்வது இடுக்குகளில் உள்ள மஜ்ஜை. அதிலுள்ள வெள்ளணுக்கள் எச்எல்ஏ முதல் வகை, இரண்டாம் வகை இரண்டையும் சுமக்கின்றன. உறைய வைத்தால் அந்த அணுக்கள் சாகும், தூண்டல் குறையும், ஆனால் முழுக்கப் போகாது. கிராஃப்ட் பெற்றவர்களில் பலருக்கு எச்எல்ஏ எதிர்ப்பொருள் உருவாகிறது. அதனால் ஒட்டு கரைந்து விழுந்துவிடுவதில்லை என்பதால்தான் பொருத்தம் பார்க்காமல் தருகிறோம். ஒரு விதிவிலக்கு: பின்னால் சிறுநீரக மாற்று தேவைப்படக்கூடிய நோயாளிக்கு அந்த எதிர்ப்பொருளே தடையாகலாம். அவர்களுக்கு மஜ்ஜை நீக்கிப் பதப்படுத்திய எலும்பு மட்டும் கேளுங்கள்.

ஏபிஓ வகை வழக்கமாகப் பார்ப்பதில்லை. ஆனால் குழந்தை பெறும் வயதிலுள்ள ஆர்எச் நெகட்டிவ் பெண்ணுக்கு ஆர்எச் கட்டாயம் பார்க்க வேண்டும், உங்கள் நோயாளி அந்த வகைதான். உறையும்போது சிவப்பணு வெடித்தாலும் அதன் சவ்வில் டி ஆன்டிஜன் (ரத்தத்தை ஆர்எச் பாசிட்டிவ் ஆக்கும் பொருள்) தங்கிவிடும். உறைந்த எலும்பு வைத்தபின் ஆர்எச் எதிர்ப்பொருள் உருவானது பதிவாகியிருக்கிறது. அடுத்த கர்ப்பத்தில் குழந்தைக்கு ஆபத்து. முதல் தேர்வு நெகட்டிவ் கொடையாளரின் தொடையெலும்புத் தலை. கிடைக்காவிட்டால் ரத்த வங்கி மருத்துவரிடம் பேசி 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி (அந்த எதிர்ப்பொருள் உருவாவதைத் தடுப்பது). 300 மைக்ரோகிராம் ஊசி சுமார் 15 மி.லி. சிவப்பணுவைச் சமாளிக்கும், கழுவிய துண்டுகளில் அவ்வளவு இருக்காது. நோயாளிக்கு ஏற்கெனவே டி எதிர்ப்பொருள் உண்டா என்று முதலில் பார்த்துவிடுங்கள், இருந்தால் ஊசியால் பயனில்லை.

தலை வந்ததும் உறையின் லேபிளைச் சரிபாருங்கள். −70 டிகிரிக்குக் கீழே வைத்தது 5 ஆண்டு வரை நிற்கும். −20-ல் வைத்தது 6 மாதம்தான். உயிருள்ள கொடையாளர் என்றால் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிஃபிலிஸ் முடிவோடு, 180 நாள் கழித்து எடுத்த மறுபரிசோதனை அல்லது நாட் பரிசோதனை (கிருமியின் மரபணுவைத் தேடுவது) பதிவாகியிருக்க வேண்டும்.

மறுஅறுவை_மேசை:
பலர் சறுக்குவது கழுவும் கட்டத்தில்தான். தலையை முழுதாக வைத்துக் கழுவினால் உள்ளே மஜ்ஜை அப்படியே இருக்கும். சூடான சலைனில் இளக்குங்கள், 37 டிகிரிக்கு மேல் போக வேண்டாம். ஒரு துண்டைக் கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு, குருத்தெலும்பையும் கெட்டியான தோட்டையும் சீவி எடுங்கள். ராஞ்சரால் (எலும்பு கடிக்கும் கருவி) 7 முதல் 10 மி.மீ. துண்டுகளாகக் கடித்தெடுங்கள். எலும்பு மில்லில் அரைத்தால் 2–3 மி.மீ. தூளாகிவிடும், அது கப்பின் கீழ் நிலைக்காது. பிறகு சல்லடையில் பரப்பி பல்ஸ் லவாஜ் (விட்டுவிட்டுப் பீய்ச்சிக் கழுவுதல்). மஞ்சள் கொழுப்பு போய்த் துண்டுகள் வெள்ளையாகும் வரை நிறுத்தாதீர்கள். கொழுப்பு இருந்தால் துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும், சுத்தியலால் அடித்தாலும் இறுகாது. எதிர்ப்புத் தூண்டல், ஆர்எச் சுமை, இறுக்கம் மூன்றும் இந்த ஒரே வேலையில் சரியாகின்றன.

கிண்ணத்தின் பளபளத்த சுவரில் 2 மி.மீ. டிரில்லால் நிறையத் துளை போட்டு ரத்தம் கசிய வையுங்கள். ரத்தக்குழாய் நுழைய அதுதான் வழி. உட்சுவர் ஓட்டையாக இருந்தால் முதலில் வலை வைத்து அடையுங்கள். இறுக்கிய அடுக்கு குறைந்தது 5 மி.மீ. இருக்க வேண்டும். ரீமரைத் (குடையும் கருவி) திருப்பிச் சுழற்றி அழுத்துவதைவிட இம்பாக்டரும் (அடித்து இறுக்கும் கருவி) சுத்தியலும் மேல்.

ஆர்த்தோ_முதுநிலை:
நன்றி சார். உறைந்தது கிடைக்காவிட்டால், கதிர்வீச்சு செய்து உறையுலர்த்திய துண்டுகள் ஆகுமா?

மறுஅறுவை_மேசை:
ஆகும். மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி 1988 முதல் இயங்குகிறது, இவ்வகை அங்கே கிடைக்கும். மஜ்ஜை நீங்கியிருப்பதால் எதிர்ப்புத் தூண்டல் இன்னும் குறைவு. வழக்கமான கிருமிநீக்கக் கதிர்வீச்சு அளவு 25 கிலோகிரே. அளவு கூடக்கூட கார்டிகல் எலும்பு (கெட்டியான வெளி எலும்பு) நொறுங்கும் தன்மை பெறுகிறது, நிரப்பும் துண்டுகளுக்கு அது பெரிய இழப்பில்லை. துண்டுகளைக் குறைந்தது அரை மணி நேரம் சலைனில் ஊற விடுங்கள். நீளமான கார்டிகல் ஒட்டுக்கு அது போதாது, பல மணி நேரம் ஊறாமல் திருகு போட்டால் விரிசல் விடும்.

எலும்பு_நோய்க்கூறு:
குணமாவது பற்றி. பஞ்செலும்புத் துண்டுகளில் ரத்தக்குழாய் நுழைந்து, பழைய கம்பிகள் (பஞ்செலும்பின் மெல்லிய எலும்பு இழைகள்) மேல் புது எலும்பு படிந்து, பிறகுதான் பழையது அரிக்கப்படும். அதனால் இடையில் பெரிதாக வலுவிழப்பதில்லை. எக்ஸ்ரேயில் கம்பிக் கோடுகள் சொந்த எலும்பிலிருந்து ஒட்டுக்குள் தொடர்ந்து ஓடுகிறதா (அது நல்ல அறிகுறி), கப் நகர்கிறதா, எல்லையில் கறுப்புக் கோடு தொடர்கிறதா (இவை இரண்டும் கெட்ட அறிகுறி) என்று பாருங்கள். மாதங்கள் ஆகும். சிமென்ட் ஓரத்தில் உயிரற்ற துண்டுகள் ஆண்டுகள் கழித்தும் கிடக்கும், அது தோல்வியில்லை.

கார்டிகல் ஒட்டு நேரெதிர். அரிப்புதான் முதலில். பெரிய ஒட்டுகளை வெளியே எடுத்து ஆராய்ந்தபோது, 5 ஆண்டுக்குப் பின்னும் மேற்பரப்பிலும் முனைகளிலும் மட்டுமே புது எலும்பு இருந்தது. பாஸ்டனில் மான்கின் குழு 1996-ல் வெளியிட்ட 718 ஒட்டுகளில் முறிவு 19, சேராமை 17, தொற்று 11 சதவீதம்.

இன்னொன்று: சில மாதம் கழித்துக் காயம் கசிந்தால் 'ரிஜெக்‌ஷன்' என்று எழுதிவிடாதீர்கள். தொற்று இல்லை என்று நிரூபிக்கும் வரை தொற்றுதான். சிஆர்பி, இஎஸ்ஆர் (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகள்), மூட்டு நீர் மூன்றையும் பாருங்கள். திறந்தால் தனித்தனிக் கருவியால் 5 இடங்களில் திசு எடுத்து, கல்ச்சரை 14 நாள் வைக்கச் சொல்லுங்கள். நோயாளியின் உடல்நிலை இடம் கொடுத்தால், மாதிரி எடுக்கும் வரை ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டாம்.