எக்கோவின் கண்ணில் படாத எமுலேட்டட் ஹியூ பிரிட்ஜ்: தேடல் எந்தப் படியில் நிற்கிறது?

முதல் பதிவு

வணக்கம். ஹோம் அசிஸ்டண்ட் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டு மென்பொருளில் இருக்கும் விளக்குகளையும் மின்விசிறிகளையும் அமேசான் எக்கோ ஸ்பீக்கர் வழியாகக் குரலால் இயக்குவதற்கு, அந்த மென்பொருளை ஒரு ஹியூ பிரிட்ஜ் போலக் காட்டும் எமுலேட்டட் ஹியூ வசதியை அமைப்பவர்களில் பலர், "புதிய சாதனம் எதுவும் கிடைக்கவில்லை" என்ற பதிலோடு நின்றுவிடுகிறார்கள். முற்றிலும் வேறுபட்ட மூன்று கோளாறுகளுக்கும் இதே பதில்தான் வருகிறது. ஆகவே எங்கே தேடுவது என்று தெரியாமல், ரவுட்டர் முதல் எக்கோ வரை எல்லாவற்றையும் மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் செய்வதே வழக்கமாகிவிடுகிறது. எங்கள் வீட்டிலும் பிறகு தம்பியின் வீட்டிலும் இந்தச் சிக்கலைத் தீர்த்த அனுபவத்தைக் கொண்டு ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன், தேடல் எந்தப் படி வரைக்கும் போய் நிற்கிறது என்பதை நெட்வொர்க்கில் பார்த்துவிட வேண்டும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிலிப்ஸ் ஹியூ என்ற ஸ்மார்ட் விளக்குத் தொகுப்பு 2012இல் விற்பனைக்கு வந்தது. விளக்குகளை நெட்வொர்க்கோடு இணைக்கும் அதன் பிரிட்ஜ், வீட்டு நெட்வொர்க்கிற்குள்ளேயே 80ஆம் போர்ட்டில் எளிமையான எச்டிடிபி கட்டளைகளை ஏற்றுக்கொள்ளும்படி அமைந்திருந்தது. 2015இல் எக்கோ அந்த பிரிட்ஜை நேரடியாக இயக்கத் தொடங்கியபோது, அதே மொழியில் பேசத் தெரிந்த எந்த மென்பொருளும் தன்னை ஒரு ஹியூ பிரிட்ஜாகக் காட்டிக்கொள்ள முடியும் என்ற வாய்ப்பும் திறந்துகொண்டது. எச்ஏ-பிரிட்ஜ், டிஐஒய்ஹியூ, டாஸ்மோட்டாவில் உள்ள ஹியூ எமுலேஷன், ஹோம் அசிஸ்டண்டின் எமுலேட்டட் ஹியூ ஆகிய அனைத்தும் இந்த வாய்ப்பில் பிறந்தவையே.

இனி தேடலின் மூன்று படிகள். முதற்படியில் எக்கோ, 239.255.255.250 என்ற மல்டிகாஸ்ட் (ஒரே நேரத்தில் பல கருவிகளுக்குச் செய்தி போகும்) முகவரிக்கு, 1900ஆம் யுடிபி போர்ட்டில், எஸ்எஸ்டிபி என்ற தேடல் முறைப்படி எம்-சர்ச் என்ற கேள்வியை அனுப்புகிறது. தெருமுனையில் நின்று, யார் பெயரையும் சொல்லாமல், "பிரிட்ஜ் யாராவது இருக்கிறீர்களா" என்று குரல் கொடுப்பதைப் போன்றது அது. அந்தக் குரல் காதில் விழுந்த மென்பொருள், கேட்ட கருவிக்கு மட்டும் நேரடியாகப் பதில் அனுப்புகிறது. பதிலில் லொகேஷன் என்ற வரியில் ஒரு முகவரி இருக்கும். இரண்டாம் படியில் எக்கோ அந்த முகவரிக்குப் போய் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பைப் படித்து, மாடல் பெயரைப் பார்த்து, இது ஹியூ பிரிட்ஜ்தான் என்று ஏற்றுக்கொள்கிறது. மூன்றாம் படியில் விளக்குகளின் பட்டியலை ஜேசான் வடிவில் கேட்டு வாங்குகிறது.

எங்கள் வீட்டில் ஹோம் அசிஸ்டண்ட் இயங்கும் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி, அமைப்புகளை மாற்றக்கூடிய ஒரு மேனேஜ்டு ஸ்விட்ச்சில் கேபிள் மூலம் இணைக்கப்பட்டிருக்கிறது. எக்கோ வைஃபையில் இருக்கிறது. வைஃபை ஆக்சஸ் பாயிண்ட்டும் அதே ஸ்விட்ச்சில்தான் இருக்கிறது. ஹோம் அசிஸ்டண்டை ரீஸ்டார்ட் செய்த உடனே தேடச் சொன்னால் எல்லா விளக்குகளும் கிடைத்துவிடும். சற்று நேரம் கழித்துத் தேடினால் ஒன்றுகூடக் கிடைக்காது. மென்பொருள் இடையில் செயலிழந்துவிடுகிறது என்றுதான் பார்க்கிற எவருக்கும் தோன்றும். ஆனால் பையில், நெட்வொர்க் செய்திகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டு 1900ஆம் போர்ட்டைக் கவனித்தபோது, ரீஸ்டார்ட் ஆன புதிதில் எக்கோவின் கேள்விகள் வந்துசேர்வதும், சில நிமிடங்களுக்குப் பிறகு அவை அறவே வராமல் போவதும் தெளிவாகத் தெரிந்தன. கேள்வியே வராதபோது மென்பொருளின் லாக்கைப் புரட்டிப் பயனில்லை.

காரணம், ஸ்விட்ச்சில் இயங்கிக்கொண்டிருந்த ஐஜிஎம்பி ஸ்னூப்பிங். இந்த வசதி இயங்கும்போது, ஒரு மல்டிகாஸ்ட் குழுவில் சேர்ந்திருப்பதாக அறிவித்த கருவிகள் உள்ள போர்ட்டுகளுக்கு மட்டுமே ஸ்விட்ச் அந்தக் குழுவின் செய்திகளை அனுப்பும். எமுலேட்டட் ஹியூ தொடங்கும்போது பை அந்த அறிவிப்பை ஒருமுறை அனுப்புகிறது, ஸ்விட்ச் குறித்துக்கொள்கிறது. அதன் பிறகு, "இன்னும் யார் யார் குழுவில் இருக்கிறீர்கள்" என்று அவ்வப்போது விசாரிக்க நெட்வொர்க்கில் ஒரு குவெரியர் இருக்க வேண்டும். பெரும்பாலான வீட்டு நெட்வொர்க்குகளில் அப்படி ஒன்று இருப்பதில்லை. விசாரிப்பவர் இல்லாததால் பை மறுபடி அறிவிப்பதில்லை. ஐஜிஎம்பி தரத்தின் இயல்புக் கணக்குப்படி 260 விநாடிகள் கழிந்ததும் ஸ்விட்ச் அந்தக் குறிப்பை அழித்துவிடுகிறது. பதிவில்லாத குழுக்களின் செய்திகளைத் தடுக்கும்படி ஸ்விட்ச் அமைக்கப்பட்டிருந்தால், எக்கோவின் குரல் அதன் பிறகு பையை எட்டாது.

இந்தக் கோளாறைக் கண்டுகொள்வதைத் தாமதப்படுத்தும் இன்னொரு விஷயமும் உண்டு. குரோம்காஸ்ட், பிரிண்டர் போன்றவை எப்போதும் போலக் கிடைத்துக்கொண்டே இருப்பதால், மல்டிகாஸ்ட்டில் குறை இருக்க முடியாது என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். அவை பயன்படுத்துவது எம்டிஎன்எஸ் என்ற வேறொரு தேடல் முறை. அதன் முகவரி 224.0.0.251. 224.0.0 எனத் தொடங்கும் முகவரிகளுக்கான செய்திகளை, ஸ்னூப்பிங் இயங்கினாலும் ஸ்விட்ச்சுகள் எல்லாப் போர்ட்டுகளுக்கும் அனுப்ப வேண்டும் என்பது ஆர்எஃப்சி 4541 என்ற தொழில்நுட்ப ஆவணம் கூறும் நடைமுறை. 239 எனத் தொடங்கும் முகவரிகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகவே எம்டிஎன்எஸ் வேலை செய்து எஸ்எஸ்டிபி மட்டும் சில நிமிடங்களில் ஓய்ந்துபோனால், நான் முதலில் ஸ்னூப்பிங்கைத்தான் சந்தேகிப்பேன். ஸ்விட்ச்சிலோ ரவுட்டரிலோ குவெரியரை இயக்கினால் போதும். எங்கள் வீட்டில் அதைத்தான் செய்தோம். அந்த வசதி இல்லாத ஸ்விட்ச் என்றால் ஸ்னூப்பிங்கையே நிறுத்திவிடலாம். வீட்டு அளவிலான நெட்வொர்க்கில் அதனால் பெரிய பாதிப்பு எதுவும் நேராது.

தம்பியின் வீட்டில் நேர்ந்தது எளியது. எக்கோ கெஸ்ட் வைஃபையில் இருந்தது. அங்கே கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாது. எக்கோவைப் பிரதான வைஃபைக்கு மாற்றியதும் தீர்ந்தது. அவர் பையையும் வைஃபையில் வைத்திருந்ததால், அதைக் கேபிளுக்கு மாற்றச் சொன்னேன். ஆக்சஸ் பாயிண்ட்டிலிருந்து கருவிகளுக்குப் போகும் மல்டிகாஸ்ட் செய்திகளுக்கு வைஃபையில் ஒப்புகையும் இல்லை, மறு அனுப்புதலும் இல்லை. வழியில் தொலைந்தால் தொலைந்ததுதான்.

மற்ற உறுப்பினர்களும் தங்கள் வீடுகளில் தேடல் எந்தப் படியில் நின்றது என்பதைக் குறிப்பிட்டு எழுத வேண்டுகிறேன்.

மறுமொழி: டாக்கரில் இயக்கியபோது

விரிவான பதிவுக்கு நன்றி ஐயா. என்னுடைய அனுபவமும் முதற்படியைச் சார்ந்ததே, ஆனால் ஸ்விட்ச்சுக்கு அங்கே வேலையில்லை. ஒரு பழைய மேசைக் கணினியில் டாக்கர் கண்டெய்னராக (மென்பொருளைத் தனித்து அடைத்து இயக்கும் சூழலில்) ஹோம் அசிஸ்டண்டை இயக்குகிறேன். டிசிபிடம்ப்பில் எக்கோவின் கேள்வி கணினி வரை வந்துசேர்வது தெரிந்தது. பதில் மட்டும் போகவில்லை. டாக்கரின் இயல்பான பிரிட்ஜ் நெட்வொர்க்கில் கண்டெய்னர் தனக்கென்று வேறொரு முகவரித் தொகுதியில், பெரும்பாலும் 172.17 எனத் தொடங்கும் முகவரியில் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் மல்டிகாஸ்ட் செய்தி அதற்குள் கடத்தப்படுவதில்லை. 1900ஆம் போர்ட்டை வெளியே திறந்துவிட்டாலும் இது மாறாது. கண்டெய்னரை ஹோஸ்ட் நெட்வொர்க்கில் இயக்கிய பிறகே பதில் போகத் தொடங்கியது. அப்படிச் செய்ய முடியாதவர்கள் மேக்விலான் முறையில் கண்டெய்னருக்கு வீட்டு நெட்வொர்க்கிலேயே ஒரு தனி முகவரி தரலாம். ஆனால் அந்த முறையில் கணினியும் அதனுள் இருக்கும் கண்டெய்னரும் தங்களுக்குள் நேரடியாகப் பேச முடியாது என்பதை முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும்.

பதில் போகத் தொடங்கிய பிறகும் லொகேஷன் வரியைப் படித்துப் பார்ப்பது நல்லது. அதில் 172 எனத் தொடங்கும் முகவரி இருந்தால், எக்கோ பதிலைப் பெற்றும் போகுமிடம் தெரியாமல் நிற்கும். ஹோம் அசிஸ்டண்டில் ஹோஸ்ட் ஐபி, அட்வர்டைஸ் ஐபி என்ற இரண்டு அமைப்புகளும் இதற்காகவே இருக்கின்றன.

இத்துடன் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மடிக்கணினியிலிருந்து ஜிஎஸ்எஸ்டிபி-டிஸ்கவர் போன்ற கருவியைக் கொண்டு சோதிக்கும்போது எதுவும் கிடைக்கவில்லை என்பதாலேயே எமுலேட்டர் பதில் சொல்லவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கேள்வி மல்டிகாஸ்ட் முகவரிக்குப் போகிறது, பதிலோ வேறொரு முகவரியிலிருந்து வருகிறது. ஆகவே மடிக்கணினியின் ஃபயர்வால் அதைத் தான் கேட்ட கேள்விக்கான பதிலாக அடையாளம் காணாமல் தள்ளிவிடக்கூடும். சோதிக்கும் கருவியின் ஃபயர்வாலைச் சற்று நேரம் நிறுத்திவைத்துப் பார்த்தால் உண்மை நிலை தெரியும்.

மறுமொழி: 80ஆம் போர்ட்டும் மின்வெட்டும்

என் வீட்டில் தேடல் இரண்டாம் படியில் நின்றது. கேள்வி வந்தது, பதிலும் போனது. ஆனால் எக்கோ எக்ஸ்எம்எல் கோப்பைக் கேட்டு வரவேயில்லை. ஹோம் அசிஸ்டண்டின் எமுலேட்டட் ஹியூ, நாம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 8300ஆம் போர்ட்டில் இயங்கும். சில எக்கோ கருவிகளுக்கு பிரிட்ஜ் 80ஆம் போர்ட்டில்தான் இருக்க வேண்டும் என்று அதன் ஆவணத்திலேயே குறிப்பிடப்பட்டிருக்கிறது. லொகேஷன் வரியில் 8300 என்று தெளிவாக எழுதியிருந்தும் பயனில்லை. லிசன் போர்ட்டை 80 ஆக்கியதும் விளக்குகள் வந்தன.

லினக்ஸில் 1024க்குக் கீழே உள்ள போர்ட்டுகளைச் சாதாரணப் பயனர் திறக்க முடியாது. இதற்காக முழு மென்பொருளையும் ரூட் (முழு நிர்வாகி) அனுமதியில் ஓட்டுவதை நான் விரும்பவில்லை. பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் ஒரு சேவையாக இயக்குபவர்கள், குறைந்த எண் கொண்ட போர்ட்டுகளைத் திறக்கும் அனுமதியை மட்டும் அந்தச் சேவைக்கு அளிக்கலாம். அதுவே தூய்மையான வழி. ஜாவாவில் எழுதப்பட்ட எச்ஏ-பிரிட்ஜைப் பயன்படுத்துபவர்களுக்குக் கூடுதலாக ஓர் எச்சரிக்கை: அந்த அனுமதியை ஜாவா நிரலின் மீதே செட்கேப் கட்டளை கொண்டு பதித்தால், ஜாவா தன்னுடைய நூலகக் கோப்புகளைக் கண்டுகொள்ள முடியாமல் தொடங்கவே மறுக்கக்கூடும்.

எங்கள் பகுதியில் மின்வெட்டு அடிக்கடி நேர்வதால் இன்னொரு சிக்கலையும் சந்தித்தோம். மின்சாரம் திரும்பியதும் ரவுட்டர் முழுமையாக எழுவதற்கு முன்பே கணினி எழுந்துவிடும்; எமுலேட்டர் அந்த நேரத்தில் ஐபி முகவரி இல்லாமலேயே தொடங்கிவிட்டு, பிறகு எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் இருக்கும். சில சமயம் முகவரியே மாறிவிடும். எக்கோ பழைய முகவரியைத் தேடிக்கொண்டிருக்கும். கணினிக்கு நிலையான ஐபி முகவரி ஒதுக்கி, நெட்வொர்க் தயாரான பிறகே சேவை தொடங்கும்படி அமைத்ததில் இரண்டும் தீர்ந்தன.

மறுமொழி: கேள்வியே கேட்காத ஹப்

நான் சந்தித்தது எக்கோ அல்லாத, ஹியூ பிரிட்ஜைத் தேடி இணைக்கும் ஒரு ஹப். டிசிபிடம்ப்பில் 1900ஆம் போர்ட்டில் அதனிடமிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை. ஸ்விட்ச், ஃபயர்வால் எதிலும் குறையில்லை. ஹியூவின் தரப்பிலேயே இப்போது எஸ்எஸ்டிபி தேடலைக் கைவிட்டு, எம்டிஎன்எஸ்ஸையும், தங்கள் இணையச் சேவையில் பிரிட்ஜ்கள் பதிந்துவைக்கும் முகவரியையும் பரிந்துரைக்கிறார்கள். அந்த முறையில் மட்டும் தேடும் ஹப்பின் முன், எஸ்எஸ்டிபி மட்டுமே தெரிந்த எமுலேட்டர் எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் தென்படாது. எம்டிஎன்எஸ்ஸிலும் அறிவிக்கத் தெரிந்த டிஐஒய்ஹியூவுக்கு மாறினேன். ஹப்பின் ஆப்பில் பிரிட்ஜின் ஐபி முகவரியை நேரடியாகத் தட்டச்சு செய்ய இடமிருந்தால் அதையும் முயலலாம். இணைக்கும் நேரத்தில் பிரிட்ஜின் லிங்க் பட்டனை அழுத்தச் சொல்லும் ஹப்புகளும் உண்டு. எச்ஏ-பிரிட்ஜின் பக்கத்தில் அதற்கான பட்டன் இருக்கிறது. அதை அழுத்தாவிட்டால் 101 என்ற பிழை எண் திரும்பி வரும்.

முதல் உறுப்பினரின் பதில்

மூவருக்கும் நன்றி. மூன்றாம் படியைப் பற்றி யாரும் எழுதாததால் அதை நான் சேர்க்கிறேன். எக்கோ பட்டியலைக் கேட்டு வாங்கியது லாக்கில் தெரிந்தும் ஆப்பில் விளக்குகள் தோன்றாவிட்டால், அந்தப் பட்டியலைக் கர்ல் கட்டளை கொண்டு நாமே வாங்கிப் பார்க்க வேண்டும். ஹோம் அசிஸ்டண்டில் பயனர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "நோயூசர்" என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் கொடுத்தால் பட்டியல் வரும். அது காலியாக இருந்தால், எந்த வகைச் சாதனங்களை வெளிக்காட்ட வேண்டும் என்ற அமைப்பில்தான் குறை. நெட்வொர்க்கை இனித் தொட வேண்டியதில்லை.

பட்டியல் சரியாக இருந்தால், ஒவ்வொரு விளக்குக்கும் தனி அடையாளமான யூனிக்ஐடியைப் பாருங்கள். உண்மையான ஹியூ விளக்கில் அது எட்டு இரட்டை எழுத்துகள், ஒரு சிறு கோடு, பிறகு மேலும் இரண்டு எழுத்துகள் என்ற வடிவில் இருக்கும். பழைய எமுலேட்டர்கள் சில இந்த வடிவத்தைப் பின்பற்றாமல் எழுதப்பட்டவை. மென்பொருளைப் புதுப்பிப்பதே அவற்றுக்கு வழி. இரண்டு விளக்குகளுக்கு ஒரே ஐடி இருந்தாலும் ஒன்றுதான் தோன்றும். ஹோம் அசிஸ்டண்ட் இந்த ஐடியை என்டிட்டி (தன்னிடம் பதிவான சாதனம்) ஐடியிலிருந்தே கணக்கிட்டு உருவாக்குகிறது. எனவே என்டிட்டியின் பெயரை மாற்றினால் எக்கோவைப் பொறுத்தவரை அது புதிய விளக்கு. பழையது பதில் சொல்லாத சாதனமாக ஆப்பில் தங்கிவிடும். பெயர்களை மாற்றும் எண்ணம் இருந்தால் அனைத்தையும் முதலில் மாற்றி முடித்துவிட்டு, பழைய பதிவுகளை ஆப்பிலிருந்து நீக்கிய பிறகு தேடச் சொல்லுங்கள்.

ஹோஸ்ட் நெட்வொர்க்கைப் பற்றி எழுதிய நண்பருக்கு ஒரு குறிப்பு. மேக், விண்டோஸ் கணினிகளில் டாக்கர் ஒரு மெய்நிகர் கணினிக்குள் இயங்குவதால், அங்கே ஹோஸ்ட் என்பது அந்த மெய்நிகர் கணினியைத்தான் குறிக்கும். அந்தக் கணினிகளில் எமுலேட்டரை நேரடியாக நிறுவுவதோ, அதற்கென்று ஒரு ராஸ்பெர்ரி பையை ஒதுக்குவதோ மேல்.