ஸயான் பார்க்ல ஏறாம என்ன பாக்கலாம்?

ஊர்சுத்தி:
மே கடைசில லாஸ் வேகஸ்லருந்து கார்ல யூட்டா போறோம், ஸயான் நேஷனல் பார்க்குக்கு, நானும் அப்பாவும். அப்பாவுக்கு மூட்டு வலி, செங்குத்தா ஏற முடியாது, ஆனா பறவை விலங்குன்னா மணிக்கணக்கா நின்னு பாப்பாரு. நெட்ல எல்லாரும் ஏஞ்சல்ஸ் லேண்டிங்ங்கிற செங்குத்துப் பாறை ஏறினதப் பத்தியே எழுதிருக்காங்க. பாலைவனம்தானே, உயிரினம்னு ஏதாச்சும் கண்ணுல படுமா?

கல்லும்மண்ணும்:
தாராளமா படும். பார்க்கோட ஷட்டில் பஸ்ல கடைசி ஸ்டாப் வரைக்கும் போயி ரிவர்சைட் வாக்னு ஒரு பாதை, அதுல நடங்க, போக ஒரு மைல் வர ஒரு மைல், பெரும்பாலும் சமதளம்தான். அங்க பாறைச் சுவரை கிட்டப் போயி பாக்கச் சொல்லுங்க. மேல விழுற மழையும் பனியும் மணற்கல்லுக்குள்ள மெல்ல மெல்ல இறங்கி, அடியில தண்ணி புகாத கயென்டாங்கிற பாறை அடுக்கு வந்ததும் வேற வழியில்லாம சுவர்லருந்து கசியுது, அப்படி இறங்கி வரதுக்கே ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆகுமாம். அந்த ஈரத்துல பெரணி, பூச்செடியெல்லாம் தலைகீழா தொங்குது. அதுக்கு நடுவுல ஸயான் நத்தைன்னு ஒண்ணு ஒட்டிட்டு இருக்கும், மிளகு அளவுதான், உலகத்துல வேற எங்கயும் கிடையாது. தயவுசெஞ்சு சுவர்ல கை வைக்காதீங்க.

வானம்பாத்தவன்:
பைனாகுலர் கண்டிப்பா எடுத்துட்டுப் போங்க, கலிபோர்னியா காண்டார்ங்கிற பெரிய பிணந்தின்னிக் கழுகு இருக்கு! 1982ல உலகத்துலயே வெறும் 22 பறவைதான் மிச்சம், அங்கருந்து மீட்டு, 2019ல ஸயான் பாறைப் பொந்துல பொரிச்ச குஞ்சு பறந்துச்சு, மீட்புத் திட்டத்தோட 1000ஆவது குஞ்சு அது. டர்க்கி வல்ச்சர்னு ஒரு கழுகும் அங்க நிறைய சுத்தும், அது றெக்கைய V மாதிரி தூக்கி ஆடி ஆடிப் பறக்கும், காண்டார் பலகை மாதிரி நேரா மிதக்கும், றெக்கைக்கு அடியில முன்பக்கம் வெள்ளையா இருக்கும், நம்பர் டேக்கும் தெரியும். காண்டாருங்க வேட்டைல செத்த மிருகத்தோட ஈயக் குண்டுத் துகளையும் சேத்து தின்னு விஷமேறிதான் இன்னும் சாகுது, அதான் பெரிய கவலை.

அப்புறம் டனல் தாண்டி கிழக்குப் பக்கம் போங்க, செக்கர்போர்டு மேசாங்கிற பாறைக்குன்று வழியில. காலையில பிக்ஹார்ன் ஆடு ரோட்டோரப் பாறையிலயே நிக்கும், அப்பா கார்ல இருந்தே பாக்கலாம். அந்தப் பார்க்ல அழிஞ்சே போயி, 1970கள்ல திரும்பக் கொண்டுவந்து விட்ட கூட்டத்தோட வாரிசுங்க.

ஊர்சுத்தி:
ரொம்ப நன்றிங்க, அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன், இப்பவே பைனாகுலர் துடைக்கிறாரு. மான், மலைச்சிங்கம் எல்லாம்?

கல்லும்மண்ணும்:
மான் ஆத்தோரமா சாயங்காலம் சர்வசாதாரணம். மலைச்சிங்கம் பாக்கிறது ரொம்ப அபூர்வம். சுற்றுலாக் கூட்டம் பெருகினதும் அது மெயின் கேன்யன (பெரிய பள்ளத்தாக்க) விட்டு ஒதுங்கிருச்சு, மான் பெருகி காட்டன்வுட் மரக் கன்னுகள மேஞ்சிருச்சு, அதான் அங்க வயசான மரமா நிக்குது, இளமரம் கம்மின்னு 2006ல ஆராய்ச்சியாளருங்க எழுதினாங்க. மலைச்சிங்கம் நடமாடுற நார்த் க்ரீக் ஓடைப் பக்கம் இளமரம் ஏராளம்.

அணிலுக்கு எதுவும் போடாதீங்க, கடிக்கும். நேரோஸ்ங்கிற குறுகலான பள்ளத்தாக்குல ஆத்துத் தண்ணிக்குள்ள நடக்கிற ஆசை இருந்தா முன்னாடியே செக் பண்ணிக்கோங்க, பனி உருகி ஆத்துல செகண்டுக்கு 150 கன அடிக்கு மேல போனா மூடிருவாங்க. யூட்டால நேரம் வேகஸை விட ஒரு மணி நேரம் முன்னாடி, அதையும் கணக்குப் பண்ணி கிளம்புங்க.