நூலக வைஃபையில் இணைகிறது, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை: உதவி தேவை

நூலகப்பூனை: வணக்கம். கல்லூரி நூலகத்தின் வைஃபையில் என் கணினி இணைந்துவிட்டதாகக் காட்டுகிறது. ஆனால் எந்தப் பக்கமும் திறக்க மறுக்கிறது. கடவுச்சொல் சரியானதுதான். நாளைக் காலைக்குள் ஆய்வேட்டின் ஒரு பகுதியை அனுப்ப வேண்டியிருப்பதால், தெரிந்தவர்கள் விரைந்து உதவுங்கள்.

கம்பியில்லான்: எந்த இயங்குதளம் என்று நீங்கள் சொல்லவில்லை. கடவுச்சொல்லை வைஃபையில் இணையும்போதே கொடுத்தீர்களா, அல்லது பிறகு உலாவியில் தோன்றும் உள்நுழைவுப் பக்கத்தில் கொடுக்க வேண்டுமா? அதே இடத்தில் உங்கள் கைப்பேசி வேலை செய்கிறதா?

மாடிப்படி: புத்தக அடுக்குகள் நெருங்கி நிற்கும் இடங்களில் அலை வலுவிழப்பது இயல்பு. அதிலும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, 2.4 கிகாஹெர்ட்ஸை விடத் தடைகளைத் தாண்டுவதில் பின்தங்கியது. கூரையில் வைஃபைப் பெட்டி இருக்கும் இடத்துக்கு நேர் கீழே அமர்ந்து பாருங்கள்.

பழைய ரவுட்டர்: இணைந்துவிட்டது என்று அவரே எழுதியிருக்கும்போது அலைவலுவைப் பற்றிப் பேசுவது வீண். இதே கேள்விக்கு நான் பலமுறை பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கம் அருகிவிட்டது. கருவியின் மேக் முகவரி (வலைப்பின்னல் கருவியை அடையாளம் காணும் எண்) மாறிக்கொண்டே இருந்தால் நூலகத்தின் வழங்கி அதைப் புதிய கருவியாகக் கருதும். ஒருவருக்கு இத்தனை கருவிகள்தான் என்ற வரம்பு இருந்தால் கதவு அடைபடும். மேக் முகவரியை மறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள்.

தனிவழி: அந்த வசதி கருவியைப் பின்தொடர்வதைத் தடுக்கவே 2019இல் ஆண்ட்ராய்டு 10இலும் 2020இல் ஐஓஎஸ் 14இலும் இயல்பாகவே இயங்கும்படி அமைக்கப்பட்டது. அவையும் அதே வைஃபைக்குப் பெரும்பாலும் ஒரே மாற்று முகவரியைத்தான் காட்டும். காரணம் தெரியும் முன்னரே பாதுகாப்பைக் கழற்றச் சொல்வது முறையன்று.

பழைய ரவுட்டர்: நூலகத்தில் உட்கார்ந்து படிப்பவரை யார் பின்தொடரப் போகிறார்கள்?

தனிவழி: எவரும் பின்தொடரவில்லை என்பதற்காக வீட்டைத் திறந்து போட்டுவிட்டா வெளியே போகிறோம்?

நூலகப்பூனை: விண்டோஸ் 10. கடவுச்சொல் உலாவியில் வரும் பக்கத்தில்தான் கொடுக்க வேண்டும். முன்பு அது தானாகவே வந்துகொண்டிருந்தது, இப்போது வருவதில்லை. கைப்பேசியில் எல்லாம் சரியாக இருக்கிறது. சென்ற வாரம் வீட்டில் இணையம் மெதுவாக இருந்ததால் டிஎன்எஸை (தளப் பெயருக்கு எண் முகவரி தரும் சேவையை) கூகுளின் 8.8.8.8 என்று மாற்றினேன். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

கம்பியில்லான்: தொடர்பு அங்கேதான் இருக்கக்கூடும். நீங்கள் உள்நுழையும் வரை இத்தகைய வலைப்பின்னல்கள் வெளியே செல்லும் போக்குவரத்தைத் தடுத்து வைக்கின்றன. வெளி டிஎன்எஸையும் பல இடங்களில் அவ்வாறே தடுக்கின்றன. உங்கள் கணினி, தளத்தின் பெயருக்குரிய எண் முகவரியை 8.8.8.8இடம் கேட்டு, பதில் கிடைக்காமல் நின்றுவிடுகிறது. அதனால் உங்களை உள்நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பிவிட வேண்டிய கோரிக்கையே புறப்படுவதில்லை. வைஃபை அடாப்டரின் அமைப்பில் டிஎன்எஸ் முகவரியைத் தானாகப் பெறும்படி மாற்றி, துண்டித்து மீண்டும் இணையுங்கள். பிறகும் பக்கம் வராவிட்டால், எச்டிடிபிஎஸ் அல்லாத, வெறும் எச்டிடிபியில் தொடங்கும் ஏதேனும் ஒரு முகவரியைத் திறந்து பாருங்கள். எச்டிடிபிஎஸ் கொண்டு பூட்டிய தளங்களுக்குச் செல்லும் கோரிக்கையை இடையில் மறித்துத் திருப்பினால் உலாவி சான்றிதழ் பிழையைத்தான் காட்டும். விபிஎன் (போக்குவரத்தை மறைத்து வேறொரு வழங்கி வழியே அனுப்பும் வசதி) இயங்கினால், உள்நுழைந்து முடிக்கும் வரை அதையும் நிறுத்தி வையுங்கள்.

மாடிப்படி: கணினியின் ஐபி முகவரி (வலைப்பின்னலில் அதற்குரிய எண்) 169.254 என்று தொடங்குகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியானால் நூலகம் முகவரியே தரவில்லை என்று பொருள்.

நூலகப்பூனை: நீங்கள் சொன்னபடி செய்தேன். பக்கம் வந்துவிட்டது. அனைவருக்கும் நன்றி.

பழைய ரவுட்டர்: மேக் முகவரிதான் என்று முதலிலேயே சொன்னேன்.

தனிவழி: விண்டோஸ் 10இல் அந்த வசதி இயல்பில் அணைந்தே இருக்கும், அவர் அணைப்பதற்கு அங்கே என்ன இருந்தது?

கம்பியில்லான்: பூனையாரே, எதை மாற்றியபோது பக்கம் வந்தது என்று ஒரு வரி எழுதினால், இதே சிக்கலோடு அடுத்து வருபவர்களுக்கும் உதவும்.