தாத்தாவின் புல்லட்: பழைய பெயின்ட் இருக்கட்டுமா, சுரண்டிடலாமா?

கிக்கர் வாசு

எல்லாருக்கும் வணக்கம். 1968 மாடல் புல்லட் 350, தாத்தா ஓட்டினது. அவர் போனதுக்கு அப்புறம் 19 வருஷமா தார்ப்பாய்க்கு அடியிலேயே கிடந்துச்சு. போன வாரம்தான் வெளிய உருட்டினேன். கிக்கர் கீழ இறங்கவே மாட்டேங்குது. டேங்க்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்தா செங்கல் பொடி மாதிரி துரு. வெளிய கறுப்பு பெயின்ட் மங்கிப் போச்சு, ஆனா கையால இழுத்த தங்கக் கோடு இன்னும் தெரியுது.

என் திட்டம் இதுதான். மொத்தமா பிரிச்சு, ஃபிரேம், மட்கார்டு, டேங்க் எல்லாத்துக்கும் பவுடர் கோட்டிங். இன்ஜின் கேஸுக்கு மணல் பிளாஸ்டிங், காத்து வேகத்துல மணலை அடிச்சுச் சுத்தம் பண்றது. 6 வோல்ட்டைத் தூக்கிட்டு 12 வோல்ட், பொறி வரவைக்கத் திறந்து மூடுற பாயின்ட்டுக்குப் பதிலா எலக்ட்ரானிக் இக்னிஷன். வீட்டு ஷெட்டுல நானே செய்யப்போறேன், பிளாஸ்டிங், கோட்டிங் மட்டும் வெளிய. எங்கயாவது தப்பு இருந்தா சொல்லுங்க.

துருப்பிடித்தவன்

தப்பு இருக்கிறது நண்பரே, முதல் வரியிலேயே இருக்கிறது. அந்தத் தங்கக் கோட்டை ஒருவர் தூரிகை பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்திருக்கிறார். டேங்க்கின் வளைவு முடியும் இடத்தில் உற்றுப் பாருங்கள். தூரிகையைத் தூக்கிய இடத்தில் கோடு ஒரு முடி அளவு தடித்திருக்கும். அதைச் சுரண்டிவிட்டு ஸ்டிக்கர் ஒட்டப் போகிறீர்களா? பிஸ்டன் தேய்ந்தால் வேறு போடலாம், செயின் தேய்ந்தால் வேறு போடலாம். அந்தக் கோடு போனால் போனதுதான். ஓடாத பாகங்களைச் சரிசெய்யுங்கள், தோலில் கை வைக்காதீர்கள்.

ஓட்டுனாதான் வண்டி

ஆரம்பிச்சுட்டாரு அண்ணன். யாரு பழைய வண்டி எடுத்தாலும் "தோலைத் தொடாதே"ன்னு வந்துடுவாரு.

நான் கேக்குறது ஒண்ணுதான். அவங்க தாத்தா இந்த வண்டிய துருவோடயா வச்சிருந்தாரு? வாரத்துல ஒரு நாள் துணிய வச்சுத் தேய்ச்சு பளபளன்னு வச்சிருந்திருப்பாரு. இப்ப இருக்கிற துரு தாத்தாவோட ஞாபகம் இல்ல சாமி, அவருக்கு அப்புறம் நாம கண்டுக்காம விட்ட 19 வருஷம். அதை எதுக்கு பத்திரப்படுத்தணும்? வாசு, தைரியமா பிரி. ஆனா ஒண்ணு, மணல் பிளாஸ்டிங் மட்டும் வேணாம். ஏன்னு அப்புறம் சொல்றேன், சொல்ல வெக்கமா இருக்கு.

நட்டு போல்ட்டு

பெயின்ட் சண்டைய அப்புறம் வச்சுக்குங்க. கிக்கர் இறங்கலன்னு பையன் சொல்றான், அதைப் பத்தி ரெண்டு பேரும் வாயத் திறக்கல.

தம்பி, கிக்கர்ல ஏறி நின்னு மிதிச்சிருந்தா இத்தோட நிறுத்து. உள்ள இருக்கிற பல்லு உடையும். ஸ்பார்க் பிளக்கைக் கழட்டு. ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து, பிளக் ஓட்டை வழியா ஊத்து. கிட்டத்துல நெருப்பு கூடாது. நாலஞ்சு நாள் விடு, நடுவுல கொஞ்சம் கொஞ்சம் சேர்த்துக்க. அப்புறம் டாப் கியர்ல போட்டு, பின் சக்கரத்தைக் கையால முன்னயும் பின்னயும் மெதுவா ஆட்டு. அசைவு கிடைச்சா போதும். சிலிண்டர் மேல இருக்கிற ஹெட்டைக் கழட்டி போரை, அதாவது சிலிண்டரோட உள் சுவரைப் பார்க்காம ஸ்டார்ட் பண்ற நினைப்பே வேணாம். 70 மிமீ போர், வார்ப்பிரும்பு சிலிண்டர். இத்தனை வருஷமா பிஸ்டன் ரிங் ஒரே இடத்துல உக்காந்திருக்கு, அந்த இடத்துல துரு குழி விழுந்திருந்தா ஹோனிங்ல, லேசா உரசி எடுக்கிறதுல போகாது. அடுத்த ஓவர் சைஸ் பிஸ்டனுக்கு போர் பண்ணி, அதாவது குடைஞ்சு பெருசாக்கித்தான் ஆகணும்.

இன்னொண்ணு. நிக்கிற புல்லட்ல ஆயில் பம்ப் வழியா மெல்லக் கசிஞ்சு இன்ஜின் அடியில இருக்கிற கிராங்க் கேஸ்ல நிறைஞ்சிடும். அடியில இருக்கிற வடிகால் பிளக்கைத் திறந்து வடிச்சுட்டுத்தான் மேற்கொண்டு எதுவும்.

கிக்கர் வாசு

ஏறி நின்னு மிதிக்கல சார், கையாலதான் அழுத்திப் பார்த்தேன். இன்னைக்கே ஊத்திடுறேன். இன்ஜின் போல்ட்டுல 13 நம்பர் ஸ்பேனர் நுழையல, 14 போட்டா வழுக்குது. அது என்ன கணக்கு?

நட்டு போல்ட்டு

14 போட்டு எத்தனை நட்டை உருண்டையாக்கினே? உண்மையைச் சொல்லு.

அது விட்வொர்த் அளவு, பழைய இங்கிலீஷ் அங்குலக் கணக்கு. ஸ்பேனர்ல கால் அங்குலம்னு போட்டிருந்தா அது போல்ட்டோட தடிமன், நட்டோட அகலம் இல்ல. நட்டோட அகலம் 13.3 மிமீ வரும். அதான் 13 நுழையாது, 14 வழுக்கும். விட்வொர்த் செட் ஒண்ணு வாங்கி வச்சுக்க. மறையோட கோணமும் வேற. விட்வொர்த்துக்கு 55 டிகிரி, மெட்ரிக்குக்கு 60. கிட்டத்தட்ட பொருந்துதுன்னு மெட்ரிக் போல்ட்ட முறுக்கினா அலுமினியம் கேஸ்ல மறை அப்படியே உதிர்ந்து கையோட வந்துடும்.

மாலதி கேரேஜ்

வாசு, பவுடர் கோட்டிங் பத்தி ஒரு எச்சரிக்கை. அதுல பெயின்ட் பொடி தூவின பாகத்தை அடுப்புக்குள்ள வச்சு 180லிருந்து 200 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சூடாக்குவாங்க. ஈயமும் தகரமும் கலந்த பற்றுக்கலவை 183 டிகிரியிலேயே உருகக்கூடியது. இந்த வயசு டேங்க்ல எங்கயாவது பழைய பற்றவைப்பு இருக்க வாய்ப்பு நிறைய. அடுப்புக்குள்ள அது வழிஞ்சு ஓடிடும். பட்டி பூசி சமன் பண்ணின இடமும் பொங்கி வெடிக்கும். அதனால டேங்க்கை அடுப்புக்கு அனுப்பாதீங்க.

ஃபிரேமுக்குக் கோட்டிங் போட்டா ஃபிரேம் நம்பர் அச்சடிச்ச இடத்தை மறைச்சுக் கட்டச் சொல்லுங்க. கோட்டிங் கனமானது, எழுத்தை மூடிடும்.

டேங்க் துருவுக்கு மின்பகுப்பு நல்லா வேலை செய்யும். தண்ணியில சலவை சோடா, பேட்டரி சார்ஜர், நடுவுல தொங்குற ஒரு இரும்புக் கம்பி. டேங்க்குக்கு நெகட்டிவ், கம்பிக்கு பாசிட்டிவ். மாத்திக் கொடுத்தா துருவுக்குப் பதிலா டேங்க்கே கரையும். கம்பி டேங்க் உடம்புல எங்கயும் படக்கூடாது. ஸ்டெயின்லெஸ் கம்பி வைக்கவே வைக்காதீங்க, தண்ணியில நச்சுக் குரோமியம் சேரும். வர்ற குமிழி ஹைட்ரஜன், அதனால வெட்டவெளியில செய்யுங்க. கிளிப்பை எடுக்கிறதுக்கு முன்னாடி சார்ஜரை அணைக்கணும். ஒரு பொறி போதும்.

துருப்பிடித்தவன்

மாலதி அவர்கள் சொன்னது அத்தனையும் என் பக்க வாதம்தான். உள்ளே சுத்தம் செய்யுங்கள், வெளியே விடுங்கள்.

"ஓட்டுனாதான்" கேட்ட கேள்விக்குப் பதில்: துரு தாத்தாவுடையது இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டேங்க்கின் இரு பக்கமும் முட்டி உரசிப் பெயின்ட் மழுங்கிய இடம் இருக்குமே, அது யாருடையது? கிக்கர் ரப்பரில் வலது பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அது யாருடைய கால்? துருவைச் சுரண்டப் போகிற எமரி ஷீட்டுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

ஓட்டுனாதான் வண்டி

சரி, இது நல்ல பாயின்ட். ஒத்துக்கிறேன். ஆனா உங்க வண்டிய நான் நேர்ல பார்த்திருக்கேன் அண்ணா. கோவிச்சுக்காதீங்க, மூணு வருஷமா ஸ்டாண்டுல நிக்குது. ஸ்பீடோமீட்டர் மேல தூசி தட்டக்கூட பயப்படுறீங்க. வண்டின்னா ஓடணும். நாலு பேர் ரோட்டுல திரும்பிப் பார்க்கணும்.

மணல் பிளாஸ்டிங் கதை: என் முதல் இன்ஜினை அப்படித்தான் வெள்ளி மாதிரி ஆக்கினேன். மூணு தடவை மண்ணெண்ணெய்ல கழுவினேன், காத்தடிச்சேன். ஆயில் போற துளைக்குள்ள எங்கயோ நாலு மணல் ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. 600 கிலோமீட்டர்ல பம்ப் கோடு கோடா கீறிப் போச்சு, கனெக்டிங் ராடோட அடிமுனை பேரிங், அந்த பிக் எண்ட் டக்டக்னு தட்ட ஆரம்பிச்சுது. மறுபடி மொத்தமும் பிரிச்சேன். வாசு, கேஸை மண்ணெண்ணெய், பிரஷ், பொறுமை, இது மூணால மட்டும் கழுவு.

துருப்பிடித்தவன்

என் வண்டி நிற்பது உண்மை. காரணம் பயம் இல்லை, முதுகுவலி. இருந்தாலும் அந்த அடி சரியான இடத்தில்தான் விழுந்தது.

ஆனால் 6 வோல்ட்டை ஏன் எல்லோரும் திட்டுகிறீர்கள்? அந்த மின்சாரத்தில்தான் அத்தனை வருஷம் இரவில் ஓட்டினார்கள்.

ஓட்டுனாதான் வண்டி

ஓட்டினாங்க, மெழுகுவத்தி வெளிச்சத்துல. எதிர்ல வர்ற வண்டிக்கு நாம இருக்கிறதே தெரியாது. இது அழகு விஷயம் இல்ல, உயிர் விஷயம்.

நட்டு போல்ட்டு

ரெண்டு பேரும் பாதி சரி. 18 வாட் பல்பு 6 வோல்ட்ல 3 ஆம்பியர் இழுக்கும், 12ல ஒன்றரைதான். கரண்ட் கூடக் கூட, துருப்பிடிச்ச ஜாயின்ட்ல இழப்பும் கூடும். பல்புக்கு 6க்குப் பதிலா 5 வோல்ட் போய்ச் சேர்ந்தா வெளிச்சம் ஏறக்குறைய பாதியாயிடும். நிறைய பேர் மங்கலா எரியுதுன்னு திட்டறது 6 வோல்ட்ட இல்ல, கெட்டுப்போன எர்த்த, அதாவது ஃபிரேம் வழியா கரண்ட் திரும்புற இணைப்ப. புது ஒயரிங், சுத்தமான எர்த், நல்ல ஸ்விட்ச். அது போட்டும் பத்தலன்னா 12க்கு மாத்து, நான் தடுக்கல.

இதுல வேடிக்கை என்னன்னா, ஃபிரேமுக்கு பவுடர் கோட்டிங் போட்டுட்டு வந்து லைட் எரியலன்னு நிப்பாங்க. கோட்டிங் மின்சாரத்தைக் கடத்தாதுப்பா. எர்த் போல்ட் உக்கார்ற இடத்தைச் சுரண்டினாத்தான் எரியும்.

மாலதி கேரேஜ்

இக்னிஷன்ல ரெண்டு பக்கமும் சண்டை போடத் தேவையே இல்லை. பாயின்ட் கெடும்போது முதல்ல இழுவை குறையும், புஸ்புஸ்னு அடிக்கும், முன்கூட்டியே சொல்லிக்கிட்டே கெடும். ஃபீலர் கேஜ்ங்கிற அளவுத் தகடு வச்சு இடைவெளியை 0.35லிருந்து 0.40 மிமீக்குள்ள சரிபண்ணி, ஓரத்துல நின்னே கிளம்பிடலாம். எலக்ட்ரானிக் ரொம்ப நாள் எதுவும் கேக்காம ஓடும், கெட்டா ஒரேயடியா நிக்கும். ஆனா அதைக் கழட்டிட்டு, பாயின்ட் இருக்கிற பழைய தட்டை மறுபடி மாட்ட முடியும். பழசை ஒரு டப்பாவுல எழுதி ஒட்டி வைங்க, அவ்வளவுதான். திரும்ப மாட்ட முடியாத வேலைன்னா பெயின்ட் சுரண்டுறதும் ஃபிரேம் வெட்டுறதும்தான். அதுக்கு மட்டும் நல்லா யோசிங்க.

டயரும் பிரேக்கும் விவாதத்துக்கே வரக்கூடாது. 19 வருஷ டயர்ல கட்டை தேயாம இருந்தாலும் மாத்தணும். பழைய பிரேக் லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், டிரம்மைத் திறந்ததும் காத்தடிச்சு ஊதாதீங்க. ஈரத்துணியால துடைங்க. பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கலாம், அதையும் தண்ணி தொட்டுத் தேய்க்கிறதுதான் நல்லது.

கிக்கர் வாசு (9 நாள் கழித்து)

இன்ஜின் அசைஞ்சிருச்சு! ஆறாவது நாள், டாப் கியர்ல சக்கரத்தை ஆட்டும்போது பொசுக்குனு ஒரு விரல்கடை நகர்ந்துச்சு. ஹெட்டைக் கழட்டியாச்சு. போர்ல ஒரு வளையம் மாதிரி துரு அச்சு இருக்கு, நகத்தால தடவினா தட்டுது. போர் பண்ணத்தான் வேணும்னு நினைக்கிறேன்.

ஆனா வேற ஒரு விஷயம். டேங்க்கைக் கழட்டினேன்ல, சீட் பக்கம் அடியில பெயின்ட் ஒரு காசு அளவுக்கு பெயர்ந்திருக்கு. அதுக்குக் கீழ பச்சை! நல்ல கரும்பச்சை, அதுக்கும் கீழ சாம்பல் கலர் பிரைமர். பச்சை மேலயும் ஒரு தங்கக் கோடு, இப்ப இருக்கிறதைவிட மெல்லிசா. அப்பாகிட்ட கேட்டேன். "ஆமா, எனக்கு ஏழெட்டு வயசு இருக்கும்போது தாத்தா கறுப்படிச்சாரு, கோடு போட ஆளைக் கூட்டிட்டு வந்தாரு, நான் பக்கத்துல உக்காந்து பார்த்தேன்"னு சாதாரணமா சொல்றாரு. இத்தனை நாள் சொல்லவே இல்ல!

ஓட்டுனாதான் வண்டி

ஹா ஹா ஹா. அண்ணா, எங்க இருக்கீங்க? "ஒரிஜினல்" பெயின்ட்டைத் தாத்தாவே சுரண்டிட்டாரு! அவரு என் கட்சி!

துருப்பிடித்தவன்

சிரியுங்கள், சிரியுங்கள். அவர் சுரண்டவில்லை, மேலே பூசியிருக்கிறார். அதனால்தான் பச்சை இன்னும் இருக்கிறது. இப்போது எனக்கு அந்தக் கறுப்பின் மேல் முன்பைவிட மதிப்பு கூடிவிட்டது. கம்பெனியில் அடித்தது யாரோ, இது அவர் விரும்பிக் கேட்ட நிறம். வாசுவின் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த கோடு.

ஓட்டுனாதான் வண்டி

அப்ப தாத்தாவுக்கு இருந்த உரிமை பேரனுக்கு இல்லையா? அவரு தனக்குப் பிடிச்ச கலர் அடிச்சாரு. இவனும் அடிக்கட்டும், அப்பாவைப் பக்கத்துல உக்கார வச்சு.

மாலதி கேரேஜ்

வாசு, எதையும் முடிவு பண்றதுக்கு முன்னாடி டேங்க் ஓரத்துல ஒரு உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் மெல்லிய பாலிஷ் காம்பவுண்ட் போட்டுத் துணியால தேய்ச்சுப் பாருங்க. கோட்டுக்கு மேல வேணாம். மங்கலா தெரியிறது நிறைய நேரம் பெயின்ட்டோட மேல்தோல் வெளிறினதுதான்.

கிக்கர் வாசு

தேய்ச்சேன். துணியில கறுப்பா வந்துச்சு, டேங்க்ல என் முகம் தெரியுது. அப்பா பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல, துணிய வாங்கி மீதியை அவரே தேய்க்க ஆரம்பிச்சுட்டாரு. டேங்க்கும் டூல் பாக்ஸும் அப்படியே இருக்கட்டும்னு முடிவு. மட்கார்டு ரெண்டும் ஓட்டை விழுந்துருச்சு, அதுக்கு டிங்கர் வேலை பார்த்துக் கறுப்பு பெயின்ட். ஃபிரேமுக்கு பவுடர் வேணாம், பிரஷ்ஷால எனாமல். 6 வோல்ட்லயே ஒயரிங் புதுசு. சிலிண்டர் நாளைக்கு லேத்துக்குப் போகுது.

ஓட்டுனாதான் வண்டி

மட்கார்டு பளபளன்னு, டேங்க் பழசா. ரெண்டும் ஒட்டாது பாரு. ஆறு மாசத்துல டேங்க்குக்கும் பெயின்ட் அடிப்பே, எழுதி வச்சுக்க.

துருப்பிடித்தவன்

மட்கார்டுக்குப் பளபளப்பு குறைந்த எனாமல் அடித்தால் ஒட்டும்.

நட்டு போல்ட்டு

போருக்கு அனுப்பறவன் பிஸ்டனையும் கூடவே அனுப்பு. பிஸ்டனை அளந்துட்டுத்தான் போர் பண்ணணும், புக்குல இருக்கிற நம்பருக்கு இல்ல. அது சரி, ஆயில் ஃபில்டர் மூடியைத் திறந்தியா? உள்ள இருக்கிற ஃபெல்ட் என்ன நிறத்துல இருந்துச்சு?